பயத்துக்கு ஈடு உண்டா?

வன்னியம்பட்டி விலக்கில் டீ குடிக்கும்போது, சார்ஜா விசா வந்திருக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்தத் திருச்சி பிளேன் வானத்துலயே சுத்துச்சே, அதுல போனவங்க கேஸ் போட்டா ஏதாச்சும் கிடைக்குமா?"

2024 அக்டோபர் 11 அன்று சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தைச் சொல்கிறான். ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருள் குறையட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்து, 141 பேரோடு பத்திரமாக இறங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. சட்டம் கைவிரிக்கும் இடமும் அதுதான்.

வெளிநாட்டு விமானப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைதான் அடிப்படை. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. விமானத்துக்குள்ளேயோ, ஏறும்போதோ இறங்கும்போதோ நேர்ந்த விபத்தால் பயணி இறந்தால், உடலில் காயம் பட்டால் கம்பெனி பொறுப்பு. மனக்காயம் பற்றி அதில் பேச்சே இல்லை.

1983-இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் போன விமானத்தில் மூன்று எஞ்சினும் நின்றுபோயின. கடலில் இறக்கப்போகிறோம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. கடைசியில் ஒரு எஞ்சின் ஓட, பிழைத்துத் திரும்பினார்கள். வெறும் பயத்துக்கு ஈடு கிடையாது என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்தது: சிகிச்சை இல்லாமல் தீராத அளவுக்கு மனம் பாதிக்கப்பட்டதை மருத்துவச் சான்றோடு நிரூபித்தால், அதுவும் உடல் காயத்துக்குச் சமம். அதுதான் நியாயம். ராத்தூக்கம் போனவனுக்கும் வேலை கெடத்தானே செய்கிறது! நம் நீதிமன்றங்களும் அந்த வழிக்கு வர வேண்டும்.

"அப்ப, பிளேன்ல நெஞ்சு வலிச்சா?" என்றான்.

தானாக வந்த வியாதி விபத்து ஆகாது. நெடுநேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைந்தவர்கள் போட்ட வழக்குகள் லண்டனில் தோற்றன. ஆனால், ஊழியர் செய்யும் தவறு கணக்கையே மாற்றிவிடும். 1998-இல் ஒலிம்பிக் ஏர்வேஸில் ஓர் ஆஸ்துமா நோயாளியைப் புகைபிடிப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இடம் மாற்றித் தரும்படி மனைவி மூன்று முறை கெஞ்சினார். எல்லா சீட்டும் நிறைந்துவிட்டது என்றார் பணிப்பெண். உண்மையில் 11 சீட் காலி. கணவர் விமானத்திலேயே இறந்தார். அந்த மறுப்பே விபத்துதான் என்று 2004-இல் தீர்ப்பானது.

அதனால், மாப்ளே, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கூச்சப்படாமல் ஊழியரிடம் சொல்லு. மறுத்தால் பக்கத்து சீட்காரரின் போன் நம்பரை வாங்கிக்கொள். இறங்கியதும் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கு, போர்டிங் பாஸைத் தொலைக்காதே. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும்.