இழுத்தா இருமுது... விட்டா அடங்குது!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. காங்கேயமோ, தாராபுரமோ, உடுமலையோ, எதுவா இருந்தாலும் சரி. ராத்திரி அடிச்ச காத்துல தென்னை ஒண்ணு சாய்ஞ்சு வாய்க்காலை அடைச்சுக் கிடக்கு. பெரியப்பா சாளைக்குள்ள இருந்து ஒரு பழைய செயின்சாவைத் தூக்கிட்டு வர்றார். கயிற்றை இழுக்கிறார். ஒண்ணு, ரெண்டு, பத்து, இருபது... தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். உடனே எல்லார் பார்வையும் உங்க பக்கம் திரும்புது.

"ஏங் கண்ணு, காலேஜ்ல மெஷினைப் பத்தித்தானே படிக்கிறே? இது என்னன்னு பாரு!"

நீங்க பி.காம் படிச்சாலும் இதே டயலாக்தான் வரும். எஸ்கேப் ஆக வழியே இல்லை. அதனால மேட்டரைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க பாஸ்!

'பனியன் ஊருக்கும் மரம் அறுக்கிற மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்கலாம். இருக்கு. நொய்யலைப் பாழாக்கினதுக்காக 2011 ஜனவரியில திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாம சுத்திகரிச்சாத்தான் திரும்பத் திறக்கலாம்னு ஆச்சு. அப்படிச் சுத்திகரிக்கும்போது கடைசியா மிஞ்சுற உப்புத் தண்ணியைக் கொதிக்கவெச்சு ஆவியாக்கணும். அதுக்கு நீராவி வேணும், நீராவிக்கு பாய்லர் வேணும், பாய்லருக்கு விறகு வேணும். நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டுக்குப் பின்னால எங்கேயோ ஒரு சீமைக்கருவேலம் அறுபட்டிருக்கலாம். அதை அறுக்கிறவர்கிட்ட பெரும்பாலும் இருக்கிறது ஒரே ஒரு பழைய மெஷின். காலையில அது ஸ்டார்ட் ஆகலைன்னா அன்னிக்குக் கூலி அம்பேல்!

இந்த மெஷினுக்குள்ள இருக்கிறது வேற யாருமில்லை, நம்ம ஆர்எக்ஸ் 100-ஓட ஒண்ணு விட்ட தம்பி! அதே டூ ஸ்ட்ரோக், அதே ஒத்தை சிலிண்டர், காத்துலயே ஆறுற இன்ஜின். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் கார்பரேட்டர்ல. பைக் கார்பரேட்டர்ல கிண்ணமும் மிதவையும் இருக்கும், தலைகீழாப் புடிச்சா பெட்ரோல் கொட்டிடும். செயின்சாவை சாய்ச்சு, படுக்கவெச்சு, எப்படியெப்படியோ புடிச்சு அறுக்கணுமே? அதனால இதுல மிதவைக்குப் பதிலா டயாப்ரம்னு மெல்லிசா ஒரு சவ்வு. பிஸ்டன் மேல கீழ போறப்ப உண்டாகிற அழுத்தத்துல அது துடிச்சுத் துடிச்சு பெட்ரோலை இழுக்கும். இந்தச் சவ்வை ஞாபகம் வெச்சுக்கங்க. வில்லன் ரோலுக்கு அப்புறம் வரும்.

முதல்ல சுவிட்ச் 'ஆன்'ல இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க! பாதி கேஸ் இங்கேயே முடியும். அடுத்தது சோக். சோக்கை முழுசா இழுத்துட்டு கயிற்றை இழுத்தா, சில இழுப்புலயே 'டுப்'னு ஒருதடவை இருமும். அந்த ஒரு இருமல்தான் சிக்னல்! உடனே சோக்கைத் தள்ளிட்டு இழுக்கணும். பெரியப்பா அதைக் காதுல வாங்காம இழுத்துக்கிட்டே இருப்பார். காத்து போக வழியில்லாம உள்ளே பெட்ரோல் குளம் கட்டிடும். அதுக்கப்புறம் எத்தனை பேர் மாத்தி மாத்தி இழுத்தாலும் வேலைக்காகாது.

இப்ப பிளக்கைக் கழட்டுங்க. டாக்டர் நாக்கைப் பார்க்கிற மாதிரி அதோட மூக்கைப் பாருங்க. நனைஞ்சிருக்கா, காய்ஞ்சிருக்கா? இந்த ஒரு கேள்வியிலதான் மொத்த ஆராய்ச்சியும் ரெண்டாப் பிரியுது.

நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, பத்திக்கலைன்னு அர்த்தம். சுவிட்சை ஆஃப் பண்ணி, சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமலே ஏழெட்டு தடவை இழுங்க, உள்ளே இருக்கிறது வெளியேறிடும். பிளக்கைத் துடைச்சு, கரியைச் சுரண்டி, கொஞ்ச நேரம் வெயில்ல வைங்க. அப்புறம் கேப்பை மாட்டி, பிளக்கோட உலோக உடம்பு சிலிண்டரைத் தொடுற மாதிரி புடிச்சு, சுவிட்சை ஆன் பண்ணி இழுத்தா நீலமா 'சடக்'னு பொறி பறக்கணும். புடிக்கிறது ரப்பர் பிடி போட்ட குறடாலயா இருக்கட்டும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்துலயும் வேண்டாம். உள்ளே இருந்து வர்ற பெட்ரோல் ஆவி பத்திக்கும். பொறி இல்லையா? புது பிளக் போட்டுப் பாருங்க. அப்பவும் இல்லைன்னா சுவிட்ச் ஒயர் எங்கேயாவது உரசி பாடியைத் தொடுதான்னு பார்க்கணும். அதுவும் சரியா இருந்தா காயில். காயிலுக்கும் சுத்துற சக்கரத்துக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவுக்கு இடைவெளி போதும்.

பிளக் காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரலை. டேங்க்குக்குள்ள ஒரு ரப்பர் குழாய் நுனியில குட்டியா ஃபில்டர் தொங்கும். கம்பியை வளைச்சு வெளியே எடுத்துப் பாருங்க. பழைய மெஷின்ல அது சேறு புடிச்ச பஞ்சு மாதிரி இருக்கும். குழாயை லேசா வளைச்சுப் பாருங்க, வெடிப்பு இருந்தா பெட்ரோலுக்குப் பதிலா காத்தைத்தான் இழுக்கும். 'நேரா வெச்சா ஓடுது, சாய்ச்சா நிக்குது'ங்கிற கம்ப்ளெயின்ட்டும் பெரும்பாலும் இந்தக் குழாய்லயும் ஃபில்டர்லயும்தான் முடியும். ரெண்டும் சரின்னா அந்த வில்லன் சவ்வுதான். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா விறைச்சுப் போய் அப்பளம் மாதிரி ஆயிடும். சவ்வும் வாஷரும் சேர்ந்த கிட்டாவே கிடைக்குது. கழட்டுறப்ப எது எங்கே இருந்ததுன்னு செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. இல்லேன்னா மாட்டுறப்ப ஒரு வாஷர் கையில மிஞ்சும், அன்னிக்குத் தூக்கம் போயிடும்.

இதுல பெட்ரோல் பங்க்குக்கும் பங்கு இருக்கு. நம்ம நாட்டு பெட்ரோல்ல எத்தனால் கலப்பு 2025-ல 20 சதவீதத்தைத் தொட்டுடுச்சு. எத்தனாலுக்கு காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற குணம். ரொம்ப நாள் டேங்க்ல கிடந்தா தண்ணியோட சேர்ந்து அடியில பிரிஞ்சு நிக்கும். பழைய ரப்பர், சவ்வு எல்லாத்தையும் ஒரு வழி பண்ணிடும். பெரும்பாலான பழைய மெஷின்களோட கையேட்டுல 10 சதவீதம் வரைக்கும்தான் தாங்கும்னு போட்டிருக்கும். அதனால போன பொங்கலுக்கு ஊத்தின பெட்ரோலை இரக்கமில்லாம வடிச்சுக் கொட்டுங்க. வாய்க்கால்ல இல்லை, ஒரு டப்பால!

புதுசா ஊத்தும்போது ஆயில் கலக்க மறந்தீங்களோ, கதை கந்தல். 50-க்கு 1-னா லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1-னா 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். எந்தக் கணக்குன்னு மூடியிலயோ கையேட்டுலயோ இருக்கும். 'புகை வருதே, கொஞ்சம் குறைச்சுக்கலாம்'கிற சிக்கனம்தான் பிஸ்டனைக் கீறுற கத்தி.

சரி, ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆனா அஞ்சு நிமிஷத்துல மூச்சை விடுதா? கொஞ்சம் ஆறவிட்டு டேங்க் மூடியை மெதுவாத் திறங்க. 'உஸ்ஸ்'னு காத்து உள்ளே போனா, டேங்க்குக்கு மூச்சு விடுற ஓட்டை அடைச்சிருக்கு. பெட்ரோல் குறையக் குறைய காத்து உள்ளே வரணுமே, வரலைன்னா எப்படி இழுக்கும்? முறுக்குறப்ப மட்டும் திணறி அடங்கினா ஏர் ஃபில்டரைத் தட்டுங்க, சைலன்சர் வாயில இருக்கிற கம்பி வலையையும் பாருங்க. கரி அடைச்சு, புகை போக வழியில்லாம நிக்கும். சூடானா மட்டும் நின்னு, ஆறினதும் நல்லபிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆனா காயில் மேல சந்தேகப்படுங்க. பொறி வருதான்னு சூடா இருக்கும்போதே பார்த்தாத்தான் ஆள் சிக்கும்.

கார்பரேட்டர்ல 'எல்', 'எச்'னு ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். கை துறுதுறுங்கும். திருப்பறதுக்கு முன்னாடி இப்ப எத்தனை சுத்துல இருக்குன்னு குறிச்சு வெச்சுக்கங்க. முக்கியமா 'எச்'சை இறுக்க இறுக்க சத்தம் கணீர்னு ஏறும். 'ஆஹா, சூப்பர் பிக்கப்!'னு எல்லாரும் கைதட்டுவாங்க. உள்ளே பெட்ரோலும் ஆயிலும் குறைஞ்சு பிஸ்டன் வெந்துக்கிட்டு இருக்கும்.

எல்லாம் பார்த்தாச்சு, அப்பவும் அசையலையா? சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, கயிற்றுப் பிடியைப் புடிச்சு மெஷினை அப்படியே தொங்கவிடுங்க. நின்னு நின்னு மெதுவா இறங்கினா உயிர் இருக்கு. சர்ருனு வழுக்கிட்டு இறங்கினா கம்ப்ரஷன் போச்சு. சைலன்சரைக் கழட்டி, ஓட்டை வழியா டார்ச் அடிச்சா பிஸ்டன் முகம் தெரியும். செங்குத்தாக் கோடு கோடா கீறல் இருந்தா இனி உங்க வேலை இல்லை, மெக்கானிக் வேலை. ரிப்பேர் செலவையும் புது மெஷின் விலையையும் வெச்சுப் பார்த்து பெரியப்பா முடிவு பண்ணட்டும்.

ஸ்டார்ட் பண்ணும்போது தரையில வெச்சு, பின் பிடிக்குள்ள ஷூ நுனியை விட்டு மிதிச்சு, செயின் பிரேக்கைப் போட்டுட்டு இழுங்க. ஒரு கையில மெஷினைத் தூக்கி எறிஞ்சு மறு கையால கயிற்றை இழுக்கிற ஹீரோயிஸம் வேண்டாம். செயினைத் தொடணும்னா பிளக் கேப்பைக் கழட்டின பிறகுதான். முறுக்காமலே செயின் சுத்துனா ஐடிலைக் குறைக்காம யார் கையிலயும் கொடுக்காதீங்க.

மரத்தை அறுக்கிறதை மட்டும் பழகினவங்ககிட்ட விட்டுடுங்க. சாய்ஞ்ச தென்னை வில்லு மாதிரி விறைச்சுக்கிட்டு இருக்கும். எந்தப் பக்கம் முதல்ல அறுத்தா எந்தப் பக்கம் துள்ளும்ங்கிறது பெரியப்பாவுக்குத் தெரியும். வாய்க்கால்ல தண்ணி ஓட ஆரம்பிச்சதும் டேங்க்ல மிச்சம் இருக்கிறதை வடிச்சிடுங்க, கார்பரேட்டர்ல இருக்கிறது தீர்ற வரைக்கும் ஓடவிட்டு அணைச்சு வைங்க. வடிச்ச அந்த ஆயில் பெட்ரோல் வீணாப் போகாது. சாளைக்குப் பின்னால நிக்குற பழைய டிவிஎஸ் 50-யும் டூ ஸ்ட்ரோக்தான்!