பின்னங்களும் அடுக்கு விதிகளும்

நம்முள் பலர் இல்லத்தில் இளையோர்க்குக் கணக்குச் சொல்லித் தருகின்றோம். அடுக்கு விதிகளைப் பயிலும் நடுநிலை வகுப்பு மாணாக்கர், முழு எண்கள் உள்ளளவும் அச்சமின்றிச் செல்வர். பின்னம் வந்து புகுந்ததும் அவர் கை தயங்கும். மூன்றில் இரண்டின் வர்க்கம் யாதெனின், மேலெண்ணை மட்டும் பெருக்கி 4/3 என எழுதுவாரும் உளர். இது நினைவின் குறையன்று. விதி பிறந்த இடத்தை அறியாமையின் விளைவேயாம். ஆதலின் அப்பிறப்பிடத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஓர் எண்ணை எத்தனை முறை எழுதிப் பெருக்கவேண்டும் என்பதைக் காட்டும் குறியே அடுக்கு. பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூலில், அதனை எண்ணின் தோள்மேற் சிற்றெண்ணாக எழுதினார். (2/3)² என்பது 2/3 × 2/3 ஆகும். மேலெண்ணும் இருமுறை வருகின்றது. கீழெண்ணும் இருமுறை வருகின்றது. எனவே விடை 4/9.

நம் முன்னோர் பின்னங்களுக்கு இட்ட பெயர்களே இவ்விதிகளைக் கற்பிக்க வல்லன. அரையிற் பாதி கால். காலிற் பாதி அரைக்கால். அரைக்காலிற் பாதி வீசம். அரையை ஒன்றாம் அடுக்காகக் கொண்டால், கால் இரண்டாம் அடுக்கு. அரைக்கால் மூன்றாம் அடுக்கு. வீசம் நான்காம் அடுக்கு. அடுக்கு ஏறுந்தோறும் அளவு சுருங்குவதையும் காண்க; ஒன்றினுங் குறைந்த பின்னத்தின் இயல்பு அதுவே.

காலிற் கால் யாது? வீசம். அதாவது (1/2)² × (1/2)² = (1/2)⁴. பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன. வீசத்தைக் காலால் வகுப்பின் கால் வரும். நான்கில் இரண்டு கழிந்து இரண்டாயிற்று. காலைக் காலால் வகுப்பின் ஒன்று; ஆகவே (1/2)⁰ = 1. அரையைக் காலால் வகுப்பின் இரண்டு; ஒன்றில் இரண்டு கழிய, (1/2)⁻¹ = 2 என்றாகின்றது. ஆகவே குறை அடுக்கு, விடையைக் குறை எண்ணாக்குவதன்று. பின்னத்தைத் தலைகீழாக்குவதே அதன் தொழில். இவ்வாறே (2/3)⁻² = (3/2)² = 9/4.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அடுக்கு, பெருக்கலுக்குள் பகிர்ந்து செல்லும், கூட்டலுக்குட் செல்லாது. அரையும் மூன்றில் ஒன்றும் கூடினால் 5/6. அதன் வர்க்கம் 25/36. தனித்தனியே வர்க்கஞ்செய்து கூட்டினாலோ 13/36 மட்டுமே வரும்.

பயிற்சி எவ்வாறு அமைதல் நலம்? நாளொன்றுக்கு ஐந்து கணக்குகள் போதும். ஒவ்வொன்றையும் இருவழியிற் செய்க. (2/5)³ × (5/2)² என்பதை விரித்தால் 8/125 × 25/4 = 2/5. விதியாற் செய்யின், இரண்டாம் பின்னம் (2/5)⁻² ஆதலின், மூன்றில் இரண்டு கழிந்து மீண்டும் 2/5. இருவழியும் ஒன்றிற் கூடுவதைத் தன் கையாற் கண்ட சிறுவன் விதியை மறப்பினும் அஞ்சான். மீண்டும் விரித்து அதனைத் தானே பெற்றுக்கொள்வான்.

'கணக்கு எனக்கு வாராது' என்று ஒரு பிள்ளை ஒதுங்குவது இத்தகைய சிற்றிடறல்களாலேயே. அவனுக்கு விதியை ஓதுமுன், காலிற் கால் எவ்வளவென்று கேட்போமாக.