வெளிநாடு போறீங்களா? என்ன உடுத்தலாம், எங்கே சிக்கல் வரும்? குற்றாலத்தில் தொடங்கும் ஒரு விளக்கம்

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் பேரருவியில் முதல்முறை வந்தவரைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமே இல்லை. ஜீன்ஸோடு தண்ணீருக்குள் போய், அது நனைந்து கனத்து, நடக்க முடியாமல் திணறுவார். பழகிய ஆளோ சாரத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு துண்டு, பையில் மாற்றுத் துணி என்று வருவார்.

வெளிநாட்டில் நாம்தான் அந்த ஜீன்ஸ்காரர். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை பக்கத்தில் பிள்ளையைப் பார்க்க வளைகுடாவுக்கோ, சிங்கப்பூருக்கோ, லண்டனுக்கோ கிளம்பும் பெற்றோர் பலர். பெட்டி கட்டும்போது வரும் முதல் கேள்வியே 'அங்கே என்ன உடுத்துறது?' என்பதுதான்.

உடைக்கு விதிகள் எதற்கு?

குற்றாலத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளிக்கத் தனித்தனி இடம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்பது மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவு. தண்ணீர் கெடக்கூடாது என்பதுதான் காரணம்.

ஜப்பானின் வெந்நீர் ஊற்றுக் குளியல் இடங்களில் இது அப்படியே தலைகீழ். சோப்பு போட்டு உடம்பை நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்கணும். பெரும்பாலான இடங்களில் நீச்சல் உடைகூடக் கூடாது. பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதியே இல்லை. பிரான்ஸில் பொது நீச்சல் குளங்கள் பலவற்றில் தொளதொள டிரவுசருக்குத் தடை. தெருவில் போட்டுத் திரிந்த துணியோடு தண்ணீரில் இறங்கக்கூடாதாம். உடம்போடு ஒட்டிய நீச்சல் உடைதான் போடணும்.

மூன்று ஊரிலும் நோக்கம் ஒன்றுதான்: தண்ணீர் சுத்தம். வழி மட்டும் வேறு. 'இது என்ன விதி?' என்று சலித்துக்கொள்வதைவிட 'எதுக்காக வெச்சிருக்காங்க?' என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எது சட்டம், எது வழக்கம்?

இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம்.

*சட்டம்:* மீறினால் அபராதமோ அதற்கு மேலோ வரும். பிரான்ஸில் பொது இடங்களில் முகத்தை முழுதாக மூடக்கூடாது என்ற சட்டம் 2011 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் ராணுவச் சீருடை போன்ற பச்சைப் புள்ளி உடையைப் பொதுமக்கள் அணிவதே குற்றம். நம்ம ஊர் பஜாரில் சாதாரணமாகக் கிடைக்கும் அந்த டிரவுசரை அங்கே கொண்டுபோகவே வேண்டாம்.

*இடத்தின் விதி:* மீறினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வாட்டிகன் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். பாங்காக் அரண்மனையில் அரைக்கால் டிரவுசர், கையில்லாத சட்டை கூடாது. அபுதாபி ஷேக் சையது மசூதியில் பெண்கள் தலையையும் மூடணும். இது நமக்குப் புதுசு இல்லை. செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போனால், பேன்ட்டுக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, சட்டையைக் கழற்றித்தானே உள்ளே போகிறோம்?

*வழக்கம்:* பெரும்பாலும் தண்டனை இல்லை, பார்வைதான் மாறும். சவுதி அரேபியா 2019-ல் சுற்றுலா விசாவைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயம் இல்லை, கண்ணியமான உடை போதும் என்று அறிவித்தது. துபாய் மால்களிலும் தோள், முழங்கால் மூடிய உடையே எதிர்பார்க்கப்படுகிறது.

'அம்மா, அங்கே சேலை வேண்டாம்' சரியா?

பல வீடுகளில் வருத்தம் தொடங்கும் இடம் இது. அறுபது வயது வரை சேலையே கட்டியவரை ஒரே நாளில் பேன்ட்டுக்கு மாறச் சொன்னால், அவர் ஊரைப் பார்ப்பதைவிடத் தன்னைப் பார்ப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பு கூசினால் பயணமே பாரமாகிவிடும்.

சேலையில் தாராளமாகப் போகலாம். கவனிக்க வேண்டியது வேறு. நகரும் படிக்கட்டில் கொசுவமும் முந்தானையும் சிக்காதபடி தூக்கிப் பின் குத்திக்கொள்ளணும். குளிர் நாடு என்றால் உள்ளே தெர்மல், காலுக்கு சாக்ஸோடு ஷூ, மேலே கோட்டு. பட்டை விடப் பருத்தி கலந்த சேலை நடக்க வசதி. சுடிதாரோ பேன்ட்டோ போட அவருக்கே ஆசை இருந்தால், ஊரிலேயே நாலு நாள் போட்டுப் பழகட்டும். முடிவு அவருடையதாக இருக்கணும்.

ஊரோடு ஒத்துப்போனால் நம் அடையாளம் போய்விடுமா?

இல்லை. திருநெல்வேலி, தென்காசி பக்கம் லுங்கியைச் 'சாரம்' என்கிறோம். மலாய் மொழியின் 'சாரோங்' என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டு. மலேசியா, சிங்கப்பூரில் மலாய் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. பெலிக்காட் என்பது நம்ம பழவேற்காடு! மியான்மரிலும் இலங்கையிலும் இதே உடை அன்றாட வழக்கத்தில் இருக்கிறது. துணி எப்போதோ கடல் தாண்டிவிட்டது.

மனிதர்களும்தான். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் குடும்பத்தோடு குடியேறினார்கள். 1941-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கினார்கள். 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் வந்தது. அந்த ஊரோடு ஒத்துப்போனார்கள், தமிழையும் விடவில்லை.

உடையை வைத்து ஆளை ஒதுக்குவது வெளிநாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய நீதிபதியையே உள்ளே விடவில்லை என்ற சர்ச்சைக்குப் பிறகு, அதைத் தடுக்க 2014-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

பெட்டி கட்டும் முன்...

- போகும் இடங்களின் உடை விதியை அவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்க.
- ஒரு பெரிய துண்டோ துப்பட்டாவோ கைப்பையில் இருக்கட்டும். தோள், தலை, முழங்கால் எதற்கும் உதவும்.
- கனமான நகைகளை வீட்டில் வைத்துவிடுங்க. பாரிஸ், ரோம், பார்சிலோனா கூட்டங்களில் ஜேப்படி அதிகம். நகை கட்டாயம் வேண்டும் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பும்போது தகராறு வராது.
- புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். பழகியதே போதும்.
- இறங்கிய முதல் நாள், அந்த ஊரில் உங்க வயசுக்காரர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பாருங்க. அருவிக்கரையில் பழகிய ஆளைப் பார்த்துக் கற்றுக்கொள்வது மாதிரிதான் இதுவும்.