பிறந்த நாளும் பெற்ற பதக்கமும்

(பத்தாம் வகுப்பு மாணவி, உத்தனப்பள்ளி)

உங்கள் பிறந்த நாள் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். எங்கள் அப்பாவைக் கேட்டால் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த நாள் ஜூன் 1 என்று இருக்கிறது. பாட்டியோ, “ராகி அறுப்புக்கு முன்னாடி, மழை விடாம பேஞ்ச வாரத்துல பொறந்தான்” என்கிறார். ஜூன் மாதத்தில் நம் பக்கம் ராகி அறுப்பு ஏது?

அப்பாவைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர், “வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு” என்றாராம். விரல் காதைத் தொட்டது. ஐந்து வயது ஆகிவிட்டது என்று பள்ளி திறக்கும் மாதத்தையே பிறந்த மாதமாக எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் நம் கிராமங்களில் பலருக்கு வயது இப்படித்தான் கிடைத்தது. அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் ஒரு பதக்கத்துக்காகப் பிறந்த தேதியை வேண்டுமென்றே மாற்றி எழுதினால்? உலகப் புகழ் பெற்ற விளையாட்டு வீராங்கனைகள் சிலரின் வாழ்வில் அப்படி நடந்திருக்கிறது. அதைப் பற்றி நான் படித்து அறிந்ததை இங்கே கூற விரும்புகிறேன். இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

வயது வரம்பு எதற்கு?

ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில், வெறும் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டையின் மேல் ஒரு பெண் குட்டிக்கரணம் போடுவாள். நம் பாடநூலை விரித்து வைத்தால் அதைவிட அகலமாக இருக்கும்! 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி, 10க்கு 10 மதிப்பெண் பெற்று உலகை வியக்க வைத்தார். மதிப்பெண் பலகையில் 10.00 என்று காட்ட வசதியில்லாததால் 1.00 என்று காட்டினார்களாம். அப்போது அவருக்கு வயது 14.

அக்காலத்தில் 14 வயதே போதுமானதாக இருந்தது. 1981இல் அந்த வரம்பு 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. போட்டி நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 16 வயது நிறைய வேண்டும் என்பது விதி. இன்றைய விதிப்படி பார்த்தால் மாண்ட்ரியலில் நாடியா கலந்துகொண்டிருக்கவே முடியாது.

வயது குறைந்த பெண்ணுக்கு இந்த விளையாட்டில் என்ன நன்மை? நூலில் ஒரு கல்லைக் கட்டிச் சுற்றுங்கள். நூல் விரலில் சுருண்டு குட்டையாகக் குட்டையாகக் கல் வேகமாகச் சுழலும். சிறிய உடலும் அப்படித்தான், காற்றில் விரைவாகச் சுழன்றுவிடும். எடை குறைவு என்பதால் கைகள் உடலை எளிதில் தூக்கும். பருவம் எய்தும்போது உயரமும் எடையும் கூடுகின்றன, இடுப்பு அகலமாகிறது. நேற்றுவரை எளிதாகச் செய்த வித்தையை இன்று புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பயமும் குறைவு.

அப்படியானால் சிறுமிகளையே ஆடவிடலாமே என்று கேட்பீர்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது அங்கேதான். நாள்தோறும் பல மணி நேரம் கைகளில் உடல் எடையைத் தாங்கிக் குதித்தால் அந்தத் தட்டுகள் பழுதாகலாம், மணிக்கட்டிலும் முதுகெலும்பிலும் வெடிப்பு உண்டாகலாம். படிப்பும் விளையாட்டுத் தோழியரும் வீடும் இல்லாமல் போகும் துன்பம் வேறு. எனவே வயது வரம்பு என்பது சிறுமிகளைத் தடுக்கும் சுவர் அன்று. அவர்களைக் காக்கும் வேலி.

நாடுகளின் போட்டி

வேலியைப் பெரியவர்களே தாண்டினார்கள். அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைத்திருந்த காலத்தில் ஒலிம்பிக் பதக்கம் நாட்டின் பெருமைக்கு அளவுகோலாயிற்று. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் நாடு புறக்கணித்தது. எந்தக் கொடி உயரப் பறக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டபோது, கொடியின் கீழே நிற்கும் சிறுமியின் வயதை யார் நினைப்பார்கள்?

ருமேனியாவின் டேனியலா சிலிவாஷ் 1972இல் பிறந்தவர். 1985ஆம் ஆண்டு உலகப் போட்டியில் கட்டையின் மேல் செய்யும் பயிற்சியில் தங்கம் வென்றபோது அவருக்கு உண்மையில் 13 வயது. ஆனால் ஆவணங்களில் அவர் பிறந்த ஆண்டு 1970 என்று இருந்தது. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கங்கள் வென்றார். விளையாட்டை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 2002இல், அதிகாரிகள் தம் வயதை இரண்டு ஆண்டுகள் கூட்டிவிட்டார்கள் என்று அவரே வெளியில் சொன்னார். சியோலில் ஆடியபோது அவருக்கு உண்மையாகவே 16 வயது! பொய் இல்லாமலே அந்த மூன்று தங்கங்களையும் வென்றிருப்பார் அல்லவா?

வடகொரியாவின் கிம் குவாங் சுக் 1991இல் கம்பிப் பயிற்சியில் உலகத் தங்கம் பெற்றார். போட்டிகள் பல கடந்தும் அவர் வயது மட்டும் 15ஐத் தாண்டவே இல்லை. அதனால் 1993ஆம் ஆண்டு உலகப் போட்டியில் அந்நாட்டுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதே நாட்டின் ஹாங் சூ ஜாங் என்பவருக்கு 1985, 1986, 1989 என்று மூன்று பிறந்த ஆண்டுகள் இருந்தது 2010இல் வெளிப்பட்டு, இரண்டாண்டுத் தடை வந்தது.

“கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு” என்பார்கள். சீனாவின் டோங் ஃபாங்சியாவ் கதையில் அது எட்டு ஆண்டுகள் நீடித்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவர் பிறந்த ஆண்டு 1983 என்று கொடுக்கப்பட்டிருந்தது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் போட்டி அலுவலராகப் பணியாற்ற வந்தபோது கொடுத்த தாளில் 1986 என்று இருந்தது. அப்படியானால் சிட்னியில் அவருக்கு வயது 14 தானே? சர்வதேசச் சம்மேளனம் விசாரித்தது. சீன அணி பெற்ற வெண்கலப் பதக்கம் 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் பறிக்கப்பட்டு, நான்காம் இடம் பெற்ற அமெரிக்க அணிக்குத் தரப்பட்டது. அணியில் இருந்த மற்றப் பெண்களும் பதக்கம் இழந்தார்கள்.

இவற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? ருமேனியச் சிறுமியோ கொரியச் சிறுமியோ தானே அலுவலகம் சென்று பாஸ்போர்ட் எடுத்திருக்க முடியாது. தேதியை எழுதியது பெரியவர்களின் கை. பழியைச் சுமந்தது சிறுமியின் பெயர்.

சந்தேகம் சான்று ஆகாது

மற்றொரு பக்கத்தையும் கூற வேண்டும். 2008இல் பெய்ஜிங்கில் கம்பிப் பயிற்சி இறுதிப் போட்டியில் சீனாவின் ஹே கெக்சினும் அமெரிக்காவின் நாஸ்தியா லியுகினும் 16.725 என்ற ஒரே மதிப்பெண் பெற்றார்கள். சமன் முறிக்கும் விதிப்படி தங்கம் ஹே கெக்சினுக்குப் போயிற்று. அவருக்கு 16 வயது ஆகவில்லை என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. சம்மேளனம் ஆவணங்களை ஆராய்ந்து, அந்த ஆண்டு அக்டோபரில், வயது சரியே என்று அறிவித்தது.

ஒருத்தி குள்ளமாக இருக்கிறாள், முகம் குழந்தை முகமாக இருக்கிறது என்பதெல்லாம் சான்று ஆகுமா? நம் வகுப்பிலேயே ஏழாம் வகுப்பு என்று எண்ணத்தக்க தோழியரும் உண்டு, கல்லூரி மாணவி என்று எண்ணத்தக்கவரும் உண்டு! தோற்ற நாடு ஐயுறுவதும் வென்ற நாடு மறுப்பதும் எளிது. இடையில் நிற்கும் பெண்ணின் மானத்தையும் நினைக்க வேண்டும்.

நம் நாட்டில் தலைகீழ்

இந்தியாவில் இந்த மோசடி தலைகீழாக நடக்கிறது. அங்கே சிறுமிகளின் வயதைக் கூட்டினார்கள். இங்கே பெரிய பிள்ளைகளின் வயதைக் குறைக்கிறார்கள். 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் என்று போட்டிகள் நடக்கின்றன அல்லவா? பதினாறு வயதுப் பிள்ளை பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஓடினால் யார் வெல்வார் என்று சொல்லவும் வேண்டுமா? விளையாட்டுச் சான்றிதழுக்குக் கல்லூரியில் இடம் உண்டு, வேலைவாய்ப்பிலும் ஒதுக்கீடு உண்டு. ஆசை அங்கேதான் பிறக்கிறது.

இதைத் தடுக்க 2010இல் மத்திய அரசு ஒரு தேசிய நெறிமுறை வகுத்தது. 2015இல் கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட், பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் வயது மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார். 2020இல் கிரிக்கெட் வாரியம் ஒரு நல்ல முடிவு செய்தது. வயதை மாற்றியவர்கள் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டால் தடை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டுகள் தடை என்று அறிவித்தது. உண்மைக்குத் திரும்ப ஒரு வாசல் திறந்து வைப்பது எவ்வளவு சிறந்தது!

மருத்துவர்களும் உதவுகிறார்கள். இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, வளர்ச்சித் தட்டுகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று பார்த்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். தலைமையாசிரியர் செய்த காது தொடும் சோதனையின் தங்கை என்று இதைச் சொல்லலாம். ஆனால் சத்துணவு குறைந்த பிள்ளையின் எலும்பு மெதுவாக வளரும், சிலருக்கு இயல்பிலேயே விரைவாக வளரும். ஓராண்டோ அதற்கு மேலோ கணக்கு பிசகக்கூடும். ஆகவே எக்ஸ்ரேயோடு ஆவணங்களையும் பார்க்க வேண்டும். பிறந்தபோதே எழுதிய தாளே நம்பகமான சாட்சி.

நான் கண்டது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான 200 மீட்டர் ஓட்டத்தில் நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவதாக வந்த பெண் என்னைவிட ஒரு தலை உயரம். அடுத்த போட்டிக்கு அவர் சென்றார், நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அவருக்கு வயது அதிகம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். நான் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

சென்ற ஆண்டு ராயக்கோட்டை பேருந்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, சிறிது நேரம் சன்னல் வழியே பார்த்திருந்துவிட்டு, தாமாகவே சொன்னார்: “அப்போ எனக்கு பதினாறு நடந்துச்சு பாப்பா. தாள்ல என்ன எழுதியிருந்தாங்கன்னு நான் பாக்கல. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்.”

“அப்புறம் எப்படிக்கா தெரிஞ்சது?” என்றேன்.

“மேல போனப்போ கேட்டாங்க. எல்லார் முன்னாடியும் என்னைத்தான் கேட்டாங்க. எழுதினவங்க யாரும் கூட வரல. அந்த மெடல வீட்டுல மாட்டவே இல்ல, பெட்டிக்குள்ளயே கெடக்குது.” அதன் பிறகு அவர் ஓடுவதையே விட்டுவிட்டாராம்.

ஓராண்டாக நான் சுமந்திருந்த கோபம் அன்று போய்விட்டது. சிலிவாஷைப் பற்றிப் படித்தபோது அந்த அக்காவின் முகமே எனக்கு நினைவுக்கு வந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நாம் செய்யக்கூடியது

நம் ஊர் எல்லையோர ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. ஒரு தாளில் ஒரு பெயர், மற்றொரு தாளில் வேறு தேதி என்று இருப்பது இங்கே புதிதல்ல. தவறாக எழுதிய தேதி எல்லாம் மோசடி அல்ல. ஆனால் தவறான தேதி மோசடி செய்பவருக்கு வசதியாகிவிடுகிறது.

பெற்றோர்களே, குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும் பிற தேவைகளுக்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்குச் சான்று. தயவுசெய்து மறவாமல் பதிவு செய்யுங்கள். தோழியரே, கையெழுத்துப் போடச் சொன்னால் தாளைப் படித்துப் பார்த்துப் போடுங்கள். தேதி சரியில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தவறல்ல.

வயது குறைந்தால்தான் வெற்றி என்பதும் உண்மையன்று. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடி வந்து மேடையைத் தாண்டும் போட்டியில் நம் திரிபுரா மாநில வீராங்கனை தீபா கர்மாகர் 15.066 மதிப்பெண் பெற்று நான்காம் இடம் வந்தார். அப்போது அவருக்கு 23 வயது. 0.150 மதிப்பெண்ணில் வெண்கலம் தவறியது. அதே இறுதிப் போட்டியில் அவருடன் தாண்டிய உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினாவுக்கு வயது 41! 2024இல் பாரிசில் அனைத்துப் பயிற்சிகளுக்குமான தங்கம் வென்ற அமெரிக்காவின் சிமோன் பைல்ஸுக்கு 27 வயது. பொறுத்திருந்து வளர்ந்தாலும் வெல்லலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எனக்கு இப்போது 15 வயது. வரும் ஆண்டும் நான் ஓடுவேன். முதலாவதாக வருவேனோ, கடைசியாக வருவேனோ தெரியாது. எந்தப் பதக்கம் கிடைத்தாலும் அதைப் பெட்டிக்குள் வைக்காமல், வீட்டுச் சுவரில் எல்லோரும் பார்க்க மாட்டி வைப்பேன். அந்த அக்காவும் ஒருநாள் தம் சொந்த வயதில் ஓடி, அப்படி ஒரு பதக்கத்தை மாட்ட வேண்டும் என்பதே என் ஆசை.