சொந்த ஊர் எது?

பாலக்காட்டிலிருந்து குமுளி வரை கேரள எல்லையோரம் வாழும் தமிழர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "சொந்த ஊர் எது?" இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குப் பதில் இன்னும் சிக்கலானது. தாத்தாவைக் கங்காணி அழைத்து வந்தது திருநெல்வேலிப் பக்கமிருந்து. பேரன் பிறந்தது லயத்தில். மலையாளிகளுக்கு அவன் 'பாண்டி'. தாத்தாவின் கிராமத்துக்குப் போனாலோ, முதலில் விசாரிப்பது சாதியை.

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாக்கியவர் மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ். அந்தத் தோட்ட வாழ்க்கையிலிருந்தே வந்தவர். பீர்மேடு, மூணாறு பகுதிகளில் நீண்ட காலம் களப்பணி செய்து அவர் எழுதிய 'பிளான்டேஷன் கிரைசிஸ்' நூலை 2022இல் லண்டனின் யுசிஎல் பதிப்பகம் வெளியிட்டது. தலித் தொழிலாளர்களைப் பற்றிய நூல். தன்வரலாறு அல்ல, ஆனால் எழுதியவர் வெளியாள் இல்லை என்பதே அதன் பலம்.

இனவரைவியல் வெகுகாலம் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்த்து எழுதும் வேலையாகவே இருந்தது. தன் வீட்டையே ஆராயப் புகுந்தவருக்கு வேறு சங்கடம். பாட்டி சொன்ன குடும்பக் கதை சான்றா, வெறும் பாசமா? ஆய்வாளர் அதைச் சான்றாக ஏற்கலாம். தாலுகா அலுவலகம் ஏற்காது.

அங்கேதான் வம்பு. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்டது. அதற்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கே பட்டியல் சாதிச் சலுகை கோர முடியாது. 1990இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே சான்றிதழ் கேட்கும் தோட்டத்துப் பிள்ளை, தன் குடும்பம் 1950க்கு முன்பே மலையேறியதை நிரூபிக்க வேண்டும். நிலமில்லாதவர்களிடம் பட்டா ஏது? தோட்ட ஆபீஸின் பழைய செக்ரோல்தான் கதி. 1956இல் தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனபோது இவர்களுடைய இருப்பிடம் மாறவில்லை, மாநிலத்தின் பெயர்தான் மாறியது என்று எந்த அதிகாரியிடம் விளக்குவது?

1990களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. பீர்மேட்டில் பல தோட்டங்களை முதலாளிகள் கைவிட்டார்கள். இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். முதியவர்கள் லயத்தில் தங்கினார்கள், பாக்கியிருக்கும் பணிக்கொடைக்காக. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, செக்ரோல் உள்ளே.