துண்டுத் துணியில் ஒரு போர்வை!

குட்டீஸ், களமருதூரில் டெய்லர் கடைப் பக்கம் போனால், மெஷினுக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தீபாவளி நேரமாக இருந்தால் கணுக்கால் உயரத்துக்குப் பிட்டுத் துணி கிடக்கும். சீருடை, பாவாடை, ரவிக்கை என்று எல்லாம் கலந்து கிடக்கும். கடை சாத்தும்போது பெருக்கி மூட்டை கட்டிவிடுவார்கள்.

அதற்கு முன் ஒரு பை நிறையக் கேட்டு வாங்கிவிடுங்கள். போர்வையே தைக்கலாம். அதற்காக ஒரு நாளைக்கூட தனியாக ஒதுக்க வேண்டாம்!

எப்படி என்கிறீர்களா? மெஷினில் தைக்கத் தொடங்கும்போது நூல் நுனி கீழே இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, முதலில் ஒரு வேண்டாத துணியில் நாலு தையல் ஓட்டிவிட்டு, நூலை நறுக்காமல் அப்படியே சட்டைத் துணியை நுழைப்பதுண்டு. அந்த வேண்டாத துணிக்குப் பதிலாக, போர்வைக்கான இரண்டு சதுரங்களை வைத்தால்? சிக்கலும் வராது, ஒரு ஜோடியும் சேர்ந்துவிடும். சட்டை முடிந்ததும் இன்னொரு ஜோடி! அமெரிக்காவில் போனி ஹண்டர் என்பவர் இதைப் பற்றி 2010ல் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். தையலுக்குப் போக நாலு அங்குலம் நிற்கும். மூன்றடிக்கு நாலடி போர்வைக்கு 108 சதுரம், அதாவது 54 ஜோடி. அம்மா தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஜோடி எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலை. பருத்தியோடு பருத்தியைத்தான் சேர்க்க வேண்டும். சிவப்புத் துணியை முதலில் தனியாக அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் போர்வை முழுக்க ரோஸ் கலர்தான்!

மெஷின் இல்லையா? கவலை வேண்டாம். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்களின் வம்சம் அவர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. சித்திப் பெண்கள் கையாலேயே தைக்கும் போர்வைக்குப் பெயர் 'கவந்தி'. பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். எல்லாம் சாதாரண ஓட்டுத் தையல்தான். நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு 'பூ' வைப்பார்கள். பூ இல்லாத கவந்தியை, உடுத்தாமல் நிற்பதுபோல் என்பார்களாம்!

கடைத் துணியோடு வீட்டில் கிழிந்த துணியையும் சேருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அங்கேயும் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தினர்தான் வசிக்கிறார்கள். 1942ல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். வயல் வேலைக்கு அவர் போட்டுச் சென்ற உடுப்புகளை மிசூரி தூக்கிப்போடவில்லை. வெட்டி, இணைத்துப் போர்வையாக்கிப் போர்த்திக்கொண்டார். மகள் அர்லோன்சியா கூட இருந்து உதவினார். வெயிலில் நீலம் வெளுத்த அந்தத் துணி பின்னாளில் பெரிய அருங்காட்சியகத்தில் தொங்கியது.

உங்கள் தாத்தாவின் பழைய சட்டை பெட்டியில் இருக்கிறதா? பாட்டியிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். பாட்டி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.