டோனா பிரபுவின் காணிக்கையும் டோனாவூர் ஆலயமும்



வடகரையிலிருந்து மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போனால் தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு என்று ஊர்கள் வரும். களக்காட்டுக்கு அப்பால் அதே மலையின் அடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். அங்குள்ள பழைய சபையின் வரலாற்றை, காணிக்கை அனுப்பி ஊழியத்தைத் தாங்கும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

"இது என்ன பெயர்? தமிழா, இங்கிலீஷா?" என்று பலர் கேட்பதுண்டு. இரண்டும் இல்லை. டோனா என்பது பிரஷியா தேசத்து ஷ்லோடியன் ஊரைச் சேர்ந்த ஒரு பிரபுவின் குடும்பப் பெயர். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் அனுப்பிய பணம் இங்கே விசுவாசிகளின் குடியிருப்பு ஏற்படவும் ஆலயம் எழும்பவும் உதவியது. ஆகவே 1827-ல் ஊருக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

பெயர் சூட்டியவர் ரேனியஸ் ஐயர். அவரும் பிரஷியர்தான். 1814-ல் இந்தியா வந்து, 1820 முதல் பாளையங்கோட்டையில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் கீழ் ஊழியம் செய்தார். தமிழ் இலக்கணமும் பூமிசாஸ்திரமும் எழுதிய அதே ரேனியஸ்!

நிலம் ஏன் வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்நாட்களில் ஏழைகளின் குடிசைகள் பெரும்பாலும் பிறர் நிலத்தில் இருந்தன. ஒருவர் சபையில் சேர்ந்தால், நிலக்காரர் "காலி செய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடும்பம் தெருவில் நிற்கும். ஆகையால் ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் என்ற ஒன்று ஏற்பட்டு, நிலம் வாங்கிக் குடியமர்த்தும் வேலையைச் செய்தது. 1799-ல் உண்டான முதலூர் இவ்வகையில் முன்மாதிரி. ஜெபவீடு, பள்ளிக்கூடம், குடியிருப்பு மூன்றும் சேர்ந்ததே அக்காலத்துச் சபை.

ஆனால் சோதனை உள்ளேயிருந்தே வந்தது. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார், பேராயர்தானா என்ற விவாதத்தில் சங்கம் 1835-ல் ரேனியஸ் ஐயரை விலக்கிவிட்டது. நெல்லைச் சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து மனம் கசந்தன. 1838-ல் அவர் மரித்தபின் பிரிந்தவர்கள் திரும்பி வந்தார்கள். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. சண்டையில் பங்கில்லாத கிராமத்து மக்களே அதிகம் துன்பப்பட்டார்கள் என்பதுமட்டும் நமக்குத் தோன்றுகிறது.

அதன்பின் டோனாவூர் பல ஆண்டுகள் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சபையாகவே இருந்தது. 1901-ல் வாக்கர் ஐயர் குடும்பத்தோடு ஆமி கார்மைக்கேல் அம்மையார் இங்கே குடிவந்தார். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த பெண்குழந்தைகளுக்கு இந்த ஊர் அடைக்கலமாயிற்று. குழந்தைகளுக்கு நோய் வந்தால் வைத்தியத்துக்கு வெகுதூரம் போகவேண்டியிருந்தது. ஆகவே 1920களின் இறுதியில் மருத்துவமனைக் கட்டிடங்கள் எழும்பத் தொடங்கின. பரம சுக சாலை என்று அதற்குப் பெயர்.

அம்மையார் 1951 ஜனவரி 18-ல் காலமானார். தம் கல்லறைமேல் கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, "அம்மாய்" என்று மட்டும் பொறித்தார்கள். டோனா பிரபுவின் பெயரோ களக்காட்டுப் பக்கம் ஓடும் பஸ்களின் பலகையில் இன்றும் இருக்கிறது.